மின்சார கார் கட்டுப்படியாகுமா? முதலில் உங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரில் மின்சார கார் வாங்க ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வார நாளில் இரவு பத்து மணிக்குக் கீழே இறங்கி, உங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் எத்தனை சார்ஜர்கள் இருக்கின்றன, எத்தனை காலி, சார்ஜ் முடிந்த பிறகும் எத்தனை கார்கள் நகராமல் நிற்கின்றன என்று மூன்று நாள் பாருங்கள். எந்தக் கார் வாங்குகிறோம் என்பதைவிட, அதை எங்கே சார்ஜ் செய்யப் போகிறோம் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஆண்டுக்கு 17,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ.க்கு 7 லிட்டர் குடிக்கும் கார், பெட்ரோல் லிட்டர் 2.80 வெள்ளி என்றால் ஆண்டுக்குச் சுமார் 3,330 வெள்ளி. மின்சார கார் அதே 100 கி.மீ.க்கு 16 யூனிட் எடுக்கும் என்றால், பொதுச் சார்ஜரில் யூனிட் 60 காசு வீதம் 1,630 வெள்ளி ஆகும், தரை வீட்டில் சொந்தச் சார்ஜர் மாட்டி 30 காசுக்கு ஏற்றினால் 815 வெள்ளியோடு முடிந்துவிடும்.

நல்ல மிச்சம்தானே என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள், சாலை வரி இருக்கிறது. பெட்ரோல் வரியை மின்சார கார்கள் கட்டுவதில்லை என்பதால், அவற்றிடம் ஆண்டுக்கு 700 வெள்ளி தனியாக வாங்குகிறார்கள். 110 கிலோவாட் காருக்கு மொத்தச் சாலை வரி 1,560 வெள்ளி அளவில் வரும், 1.6 லிட்டர் பெட்ரோல் காருக்கோ 743தான். ஆகவே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு பொதுச் சார்ஜரை நம்புகிறவருக்கு, 1,700 என்று தெரிந்த மிச்சம் 900க்கும் கீழே வந்துவிடுகிறது. தரை வீட்டுக்காரருக்கு எல்லாம் போக 1,700 நிற்கும்.

அப்புறம் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓடும் கார். இதைப் பலர் ஒப்பிட்டே பார்ப்பதில்லை, எனக்கு அதுதான் வருத்தம். 100 கி.மீ.க்கு 4.5 லிட்டர் எடுக்கும் ஹைபிரிட்டுக்கு ஆண்டுக்கு 2,140 வெள்ளி பெட்ரோல். பொதுச் சார்ஜரில் ஏற்றும் மின்சார கார் அதைவிட 500 வெள்ளி குறைவு, ஆனால் சாலை வரியில் 800 கூடுதல். ஓட்டும் செலவை மட்டும் பார்த்தால் ஹைபிரிட் ஜெயிக்கிறது!

அப்படியானால் ஏன் இத்தனை பேர் வாங்குகிறார்கள்? 2024இல் புதிதாகப் பதிவான கார்களில் மூன்றில் ஒரு பங்கு மின்சார கார்கள். காரணம் வாங்கும் விலையில் கிடைக்கும் கழிவு. 2026இல் பதிவு செய்தால், முன்கூட்டியே மாறுவோருக்கான சலுகையில் 7,500 வெள்ளி வரையும், மாசு அளவை வைத்துத் தரும் கழிவில் 22,500 வெள்ளியும் சேர்ந்து அதிகபட்சம் 30,000 வெள்ளி கிடைக்கும். முதல் சலுகை 2026 டிசம்பரோடு முடிகிறது, இரண்டாவது 2027இல் 20,000 ஆகக் குறைகிறது. விற்பனையாளர் சொல்லும் விலையில் கழிவு ஏற்கெனவே கழிந்திருக்கும், அதனால் கழிவைக் கேட்டு மயங்காமல், கையில் கொடுக்க வேண்டிய முழு விலையை அதே அளவு ஹைபிரிட்டின் முழு விலையோடு வைத்துப் பாருங்கள். 110 கிலோவாட்டுக்கு உட்பட்ட காரா என்றும் கேளுங்கள், அதற்கு மேலே போனால் சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும், பத்து ஆண்டு செல்லும் சான்றிதழ்) பெரிய கார்களுக்கான 'பி' பிரிவுக்குப் போய்விடும். இன்னொன்று, கூடுதல் பதிவுக் கட்டணத்தில் (புதுக் காரைப் பதிவு செய்யும்போது கட்டும் வரி) கழிவு வாங்கினால், பத்து ஆண்டுக்குள் காரை ஒப்படைக்கும்போது திரும்பக் கிடைக்கும் தொகையும் அதற்கேற்பக் குறையும்.

கடன் வாங்குகிறவர்கள் கவனிக்க: காரின் திறந்த சந்தை மதிப்பு (உள்ளூர் வரிகள் சேராத இறக்குமதி விலை) 20,000 வெள்ளிக்கு மேல் போனால் விலையில் 60 விழுக்காடுதான் கடன், அதிகபட்சம் ஏழு ஆண்டு. மீதி 40 விழுக்காடு ரொக்கம். சேமிப்பைத் துடைத்துப் போட்டு ஆண்டுக்கு 900 வெள்ளி மிச்சம் பிடிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. இப்போது இருக்கும் கார் நன்றாக ஓடி, சிஓஇயும் நான்கைந்து ஆண்டு மிச்சம் இருந்தால் அதையே ஓட்டுங்கள். சிஓஇ முடியப் போகிறது, எப்படியும் புதுக் கார் வேண்டும், சார்ஜரும் கீழேயே இருக்கிறது என்றால் மாறலாம், தயங்க வேண்டாம்.

பேட்டரியைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 160,000 கி.மீ. உத்தரவாதம் இருக்கும், ஆண்டுக்கு 17,000 ஓட்டினால் எட்டு ஆண்டில் 136,000தான் ஆகும். கடைசி இரண்டு ஆண்டுக்குத்தான் உத்தரவாதம் இருக்காது. பழைய மின்சார கார் வாங்குகிறவர்கள், பேட்டரியின் நலம் எவ்வளவு விழுக்காடு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பினாங்கு, ஈப்போ என்று அடிக்கடி குடும்பத்தோடு போகிறவரா? மின்சார காரில் போனால், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்கிறதா என்று உங்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை, ஆனால் மலேசிய நெடுஞ்சாலைச் சார்ஜர்களுக்கான செயலிகளைக் கிளம்புவதற்கு முந்தின நாளே கைப்பேசியில் போட்டு, கட்டண அட்டையையும் இணைத்து வையுங்கள். தீபாவளி விடுமுறை என்றால் சார்ஜருக்கு வரிசையில் நிற்க ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.