நான் என்ன பாட்டு கேட்பேன்: இசைக் குழுவில் முதல் அறிமுகம் எழுதுவது எப்படி?

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ பாட்டுப் பிரியர்கள் குழு ஒன்றில் சேர்ந்ததும் முதலில் கேட்பது, "உங்களைப் பத்திச் சொல்லுங்க, என்ன மாதிரி பாட்டு கேப்பீங்க?" என்றுதான். அதற்குப் பெரும்பாலும் வரும் பதில் இது: "வணக்கம், ஊர் நாகர்கோவில், எல்லாப் பாட்டும் கேப்பேன், இளையராஜான்னா உயிர்." இதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் படிக்கிறவர் பிடித்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. நாலு கும்பிடு எமோஜி வரும், பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

ரசனையைச் சொல்வது எதற்கு என்று யோசித்தால் வழி தெரிந்துவிடும். நமக்குத் தெரியாத, ஆனால் கேட்டால் நிச்சயம் பிடித்துப்போகிற ஒரு பாட்டை, அது தெரிந்த யாரோ ஒருவர் எடுத்துத் தரவேண்டும். அவருக்கு உங்களுக்குப் பிடித்தவர்களின் பேர்ப் பட்டியல் போதாது. பாட்டில் எந்த இடத்தில் உங்கள் காது நிற்கிறது என்று தெரியவேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான். குமரி மாவட்டத்துக்காரர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் ஊரை மாற்றிக்கொள்ளலாம்.

1. முதலில் போனைப் பாருங்கள்

எழுத உட்காரும் முன் யூடியூபில் ஹிஸ்டரியைத் திறங்கள். ஸ்பாட்டிஃபை வைத்திருந்தால் அதில் சமீபத்தில் கேட்டவை என்ற பட்டியல் இருக்கும். கடந்த சில வாரங்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கும் பாட்டுகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கில் பார்ப்பதால் அம்மா காலையில் டிவியில் போட்ட சுப்ரபாதமும் பிள்ளைகளின் ஏபிசிடி பாட்டும் நடுவில் கிடக்கும், அவற்றைக் கழித்துவிடுங்கள்.

இப்போது அந்தத் தாளைப் பாருங்கள். கர்நாடக சங்கீதம் கேட்பவர் என்று நம்மை நாமே நினைத்துக்கொண்டிருப்போம், பட்டியலில் பாதி தேவாவின் கானாவாக இருக்கும். அதை மறைக்கவே மறைக்காதீர்கள். உண்மையில் கேட்பதை எழுதினால்தான் உண்மையில் பிடிக்கும் பாட்டு திரும்பி வரும்.

2. காது எங்கே வளர்ந்தது என்று சொல்லுங்கள்

இந்தப் படியில் நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் முக்கால்வாசிப் பேர் இதை எழுதுவதே இல்லை. சினிமாப் பாட்டுதான் இசை, மற்றதெல்லாம் ஊர்ச் சத்தம் என்று எண்ணிவிடுகிறோம். யோசித்துப் பாருங்கள். ஒரு சின்ன மாவட்டத்துக்குள் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கிறது, சில இடங்களில் மகுடம் என்ற தோல்கருவி அடித்துக் கணியான் கூத்தும் உண்டு. சாமித்தோப்பில் அய்யாவழிக்காரர்களின் புனித நூலைப் படிக்கும் திருஏடு வாசிப்பு 17 நாள் ராகம் போட்டு நடக்கிறது. தக்கலையில் சூஃபி ஞானி பீரப்பாவின் ஆண்டு விழா இரவில் அவர் எழுதிய ஞானப்புகழ்ச்சியை ஊரே கூடிப் பாடுகிறது. சிஎஸ்ஐ சபைகளில் ஒரே ஆராதனையில் மேல்நாட்டு மெட்டில் ஞானப்பாட்டும் நம் ராகத்தில் கீர்த்தனையும் பாடுகிறார்கள், கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் பாட்டுக்கு மேலேயே ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள, அங்கே நவராத்திரி மண்டபத்தில் சுவாதித் திருநாள் கிருதிகளை முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி என்று தொடங்கி ஒன்பதாம் நாள் ஆரபி வரை பாடுகிறார்கள். விளவங்கோடு, களியக்காவிளை பக்கம் மலையாளப் பாட்டு கேட்காமல் வளர்ந்தவர் யார்? இதெல்லாம் போக, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக 1984-ல் தொடங்கிய நாகர்கோவில் வானொலி வேறு.

இத்தனையையும் எழுதச் சொல்லவில்லை. ஒன்றை எடுங்கள், அதில் காதில் விழுந்ததை எழுதுங்கள். "வில்லுப்பாட்டு எங்கள் பாரம்பரியம், ரொம்பப் பிடிக்கும்" என்றால் அது பாராட்டு மட்டும்தான், உங்கள் காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "வில்லில் எனக்குக் கதையைவிடக் குடம்தான் பிடிக்கும். கதை பாடும் புலவர் வசனத்தை நிறுத்திவிட்டு வீசுகோலால் நாணைத் தட்டுவார், மணிகள் குலுங்கும், அந்த நேரம் பார்த்துக் குடத்தின் வாயில் மட்டை விழுந்து கனமாக ஒரு சத்தம் வரும், அதற்காகவே மேடைக்குப் பக்கத்தில் போய் உட்காருவேன்." இதைப் படித்த ஒருவருக்கு, அவர் வில்லுப்பாட்டே கேட்டதில்லை என்றாலும், இவருக்கு அடிநாதம் கனமாக இருக்கும் தாளம் பிடிக்கும் என்று புரிந்துவிடும். கடம் முன்னால் நிற்கிற ஒரு தனி ஆவர்த்தனத்தை, அதாவது கச்சேரியில் தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் பகுதியை, அவர் அனுப்பினாலும் அனுப்புவார்.

ஒரு விஷயம். கோயில், சபை, தர்கா என்று எழுதும்போது நம் மதமும் குடும்பமும் கூடவே தெரிந்துவிடும். எவ்வளவு சொல்ல விருப்பமோ அவ்வளவு சொன்னால் போதும். கீர்த்தனை ரசிக்கிற இந்துவும் நாகூர் ஹனீபா பாட்டை மனப்பாடமாகச் சொல்கிற கிறிஸ்தவரும் நம்மூரில் சாதாரணம், அதனால் யார் எந்தப் பாட்டைச் சொன்னாலும் அதை வைத்து "நீங்க எந்த ஆளுங்க?" என்று துருவாதீர்கள்.

3. மூன்று பாட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு இடம்

அறிமுகத்தின் உயிரே இதுதான், நேரம் எடுத்துச் செய்யுங்கள். முதல் படியில் எழுதிய தாளிலிருந்து மூன்று பாட்டு பொறுக்குங்கள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும், அப்போதுதான் உங்கள் ரசனையை மற்றவர் அளந்து பார்க்க முடியும். ஒன்று அதிகம் பேருக்குத் தெரியாதது. மூன்றாவது உங்கள் இஷ்டம்.

ஒவ்வொரு பாட்டையும் இயர்போனில் குறைந்தது இரண்டு தடவை கேளுங்கள். ஒரு தடவை குரலை விட்டுவிட்டுப் பின்னால் ஓடும் பேஸ் கிதாரையும் தாளத்தையும் மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடையிசையை மட்டும். எங்கே கை தானாகப் பின்னால் தள்ளி மறுபடி கேட்கத் தோன்றுகிறதோ அதுதான் உங்கள் இடம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2 நிமிடம் 14 விநாடி, இப்படி. பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு வரி. "வயலின் எல்லாம் நின்று குரல் மட்டும் தனியாக நிற்கும்", "சரணத்தின் கடைசி வரியில் ஜானகியம்மா குரலை இறக்குவார்", "மிருதங்கம் போய் டிரம்ஸ் வரும்". இவ்வளவு போதும், ராகம் தெரியாவிட்டால் பரவாயில்லை. ராகம் சொல்ல ஆசை இருந்தால் "கல்யாணி மாதிரி கேட்கிறது" என்று எழுதுங்கள், சரிதானா என்று தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள், அதுவே ஒரு நல்ல பேச்சாகிவிடும். சினிமாப் பாட்டுகளில் ராகம் நடுவில் கலைந்து வேறொன்றைத் தொடுவது சகஜம், அதனால் அடித்துச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

பாட்டின் பேருக்குப் பக்கத்தில் இசையமைத்தவர், பாடியவர், எழுதியவர் மூவரையும் போடுங்கள். எழுதியவர் பேர்தான் எப்போதும் விடுபடுகிறது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. யாரோ ஏற்றிய வீடியோவின் தலைப்பை அப்படியே நம்பவும் வேண்டாம். 80-களின் பாட்டு என்றாலே இளையராஜா என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள், சந்திரபோஸும் சங்கர்-கணேஷும் கங்கை அமரனும் போட்ட எத்தனையோ நல்ல மெட்டுகள் இப்படிப் பேர் மாறிச் சுற்றுகின்றன. இசை நிறுவனமே ஏற்றிய பதிவைத் தேடி அதன் விளக்கப் பகுதியைப் படித்தால் பெரும்பாலும் சரியான விவரம் கிடைக்கும்.

4. எப்படிக் கேட்கிறீர்கள்

இரண்டு வரி போதும். மார்த்தாண்டம் பஸ்ஸில் இயர்போனில் கேட்பவருக்கும் ராத்திரி வீட்டில் ஸ்பீக்கரில் மெதுவாக வைத்துக் கேட்பவருக்கும் ஒரே பாட்டைச் சொல்ல முடியாது. பஸ் இரைச்சலில் மெல்லிய வீணை காணாமல் போய்விடும்.

5. ஒத்துவராததையும் சொல்லுங்கள், தீர்ப்புச் சொல்லாமல்

"இப்ப வர்ற பாட்டெல்லாம் வெறும் சத்தம்" என்று எழுதினால் குழுவில் பாதிப் பேர் மனம் புண்படும், மீதிப் பேர் சண்டைக்குத் தயாராவார்கள். "ரொம்ப வேகமான பீட் இருந்தால் எனக்கு வரி காதில் ஏறுவதில்லை" என்றால் யாருக்கும் கோபம் வராது, உங்களுக்கு எதை அனுப்பக் கூடாது என்றும் தெரிந்துவிடும். 1992-ல் ரகுமான் வந்த நாளிலிருந்து நடக்கிற ராஜாவா ரகுமானா வழக்கை அறிமுகத்தில் கிளப்பவே வேண்டாம்.

6. பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியோடு முடியுங்கள்

"நல்ல பாட்டா சொல்லுங்க" என்றால் யாருக்கும் எதுவும் தோன்றாது. கேள்வி குறுகலாக இருந்தால் ஆள் ஓடி வருவார்கள். எல்லாப் படியும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி தருகிறேன்:

"வணக்கம். ஊர் தக்கலைக்குப் பக்கம். சின்ன வயசில் கேட்டது கொடை மைக் செட்டும் அப்பா வைக்கிற மலையாளப் பாட்டும். இப்பவும் அதிகம் கேட்பது ஜான்சன் மாஸ்டர்தான், வரி பாதி புரியாது, ஆனால் புல்லாங்குழல் தனியாக வருகிற இடத்துக்காகத் திரும்பத் திரும்பக் கேட்பேன். தமிழில் எஸ். ஜானகி மெதுவாகப் பாடும் பாட்டுகள் பிடிக்கும், மூன்று பாட்டும் அதில் எனக்குப் பிடித்த இடமும் கீழே போட்டிருக்கிறேன். ராத்திரி ஸ்பீக்கரில் சத்தம் குறைத்து வைத்துக் கேட்கிற பழக்கம். வேகமான பீட் எனக்கு அவ்வளவாக ஒத்துவராது. நாதஸ்வரம் கேட்டுப் பழக ஆசை, அரை மணி நேரத்துக்குள் முடிகிற ஒரு பதிவு இருந்தால் சொல்லுங்களேன்."

இதில் மலையாளப் பாட்டு தெரிந்தவர், ஜானகியம்மா ரசிகர், நாதஸ்வரம் கேட்பவர் என்று மூன்று வகை ஆட்களுக்குப் பேச இடம் இருக்கிறது. தன் படிப்பு, வேலை, வயசு எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் ஆளை நமக்குத் தெரிந்துவிடுகிறது. நம்மூர்க்காரர்கள் மட்டும் இருக்கும் குழு என்றால் "வணக்கம் மக்கா" என்றே தொடங்கலாம். வெளியூர்ப் பெரியவர்கள் இருந்தால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பழகின பிறகு அண்ணே, அக்கா எல்லாம் தானாக வரும்.

7. பாட்டை அனுப்பும்போது

எம்பி3 கோப்பை அனுப்பாமல் இணைப்பை அனுப்புங்கள். கோப்பு கை மாற மாற அதில் இருக்கும் பேர்கள் அழிந்துபோகும், பாடினவருக்கும் இசையமைத்தவருக்கும் எதுவும் போய்ச் சேராது. கணினியில் யூடியூபைத் திறந்து பகிர் பொத்தானை அழுத்தினால் எந்த விநாடியிலிருந்து தொடங்கவேண்டும் என்று குறிக்க ஒரு கட்டம் வரும், அதில் டிக் செய்தால் திறக்கிறவருக்கு நேராக உங்கள் இடத்திலிருந்து ஓடும். போனில் அது கிடைக்கவில்லை என்றால் நேரத்தைக் கையால் எழுதினால் போதும். பிளேலிஸ்ட் பகிர்ந்தால் அது தனிப்பட்டது என்ற அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மற்றவர்களுக்குத் திறக்காது. இருபது பாட்டை ஒரே மூச்சில் கொட்டினால் ஒருவரும் ஒன்றையும் கேட்கமாட்டார்கள்.

நம்மூர் வில்லுப்பாட்டையோ மேளத்தையோ நீங்களே பதிவு செய்து பகிர நினைத்தால் முதலில் புலவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பெரும்பாலானோர் சந்தோஷமாகச் சரி என்பார்கள். கூம்பு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று பதிவு செய்யாதீர்கள், அந்தக் குழாயில் குடத்தின் கனம் வராது, போன் மைக்கும் தாங்காமல் கரகரக்கும். மேடையிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, குடம் இருக்கும் பக்கமாகப் போனைப் பிடியுங்கள். பதிவோடு குழுவின் பேர், ஊர், பாடிய கதை, எந்தக் கோயில் கொடை என்று எழுதுங்கள். சினிமாப் பாட்டுக்கு ஆயிரம் பேர் விவரம் எழுதி வைத்திருக்கிறார்கள். முத்துப்பட்டன் கதையை விடிய விடியப் பாடுகிற புலவரின் பேரை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

8. பதில் வந்த பிறகு

யாராவது ஒரு பாட்டைச் சொன்னால் உடனே "சூப்பர்" என்று போட்டுவிட்டுக் கேட்காமல் விடாதீர்கள். கேட்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். ஓரிரு நாளில் முழுசாகக் கேட்டுவிட்டு, அவர் அனுப்பிய செய்திக்கே பதிலாக, எந்த இடத்தில் உங்கள் காது நின்றது என்று நேரத்தோடு ஒரு வரி எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் எதனால் என்று சொல்லிவிடுங்கள், "குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆலாபனை எனக்கு நீளமாகப் பட்டது" என்கிற மாதிரி. அடுத்த தடவை அவர் ஆலாபனை குறைவான ஒரு பதிவாகத் தேடி எடுத்துக்கொண்டு வருவார்.