ஜிப்பன் பாறைச் செதுக்கல்களைப் பார்க்க வெயில் சாயும் நேரத்தில் போங்கள்

ஜிப்பன் முனைக்குப் போய்விட்டு வந்து "வெறும் பாறைதான், ஒன்றுமே தெரியவில்லை" என்று சொல்கிறவர்களிடம் எத்தனை மணிக்குப் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாக நடுப்பகலாக இருக்கும். சிட்னிக்குத் தெற்கே, ராயல் நேஷனல் பார்க்கின் வடகிழக்குக் கடலோரத்தில், பண்டீனா என்ற சின்ன ஊரை ஒட்டி இருக்கிறது இந்த இடம். அந்தப் பகுதியின் பழங்குடியினரான தாரவல் மக்கள் மணற்பாறையில் செதுக்கிய திமிங்கிலம், திருக்கை, கங்காரு எல்லாம் அங்கே உண்டு, ஆறு விரல்களோடு ஒரு மனித உருவமும் உண்டு.

உச்சி வெயிலில் இவை ஏன் தெரிவதில்லை என்றால், இவற்றில் நிறம் கிடையாது. கெட்டியான கல்லால் வரிசையாகக் குழி கொத்தி, அப்புறம் புள்ளிக் கோலத்தை இணைப்பது போல அந்தக் குழிகளைத் தேய்த்து இணைத்து ஒரே கோடாக்கியிருக்கிறார்கள். காற்றும் மழையும் பட்டு அந்தப் பள்ளம் இப்போது ஆழம் குறைந்து கிடக்கிறது, பள்ளத்துக்குள் நிழல் விழுந்தால்தான் கோடு கண்ணுக்குப் படும். அதனால் சூரியன் தாழ்வாக இருக்கிற காலையிலோ மாலையிலோ போங்கள். டிசம்பர் விடுமுறையில் போகிறவர்கள் இந்த நேர விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும், அங்கே அது கோடைக்காலம், வெயில் நேர் மேலே நிற்கும். என்னைக் கேட்டால் ஜூன், ஜூலைதான் சரியான மாதங்கள். குளிர்காலச் சூரியன் பகல் முழுக்கச் சாய்ந்தே நகரும், அதோடு கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் வடக்கு நோக்கிப் போகிற பருவமும் அதுதான், பாறையில் ஒரு திமிங்கிலத்தைப் பார்த்துவிட்டு முனைக்கு நடந்தால் கடலில் இன்னொன்றைப் பார்க்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

போகும் வழி சுலபம். ரயிலில் குரொனல்லா, அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் படகுத்துறை, ஃபெர்ரியில் சுமார் அரை மணி நேரத்தில் பண்டீனா. ஊருக்குள் பலகைகளைப் பார்த்துக்கொண்டே ஜிப்பன் கடற்கரைக்கு இறங்கி, மணலில் கிழக்குக் கோடி வரை நடந்தால் புதருக்குள் ஏறும் பாதை தெரியும். செதுக்கல்களைப் பார்த்துவிட்டு முனையைச் சுற்றி ஊருக்கே திரும்பினால் மொத்தம் ஐந்து கிலோமீட்டர் அளவுதான், குழந்தைகளும் நடப்பார்கள். நாயைக் கூட்டிப் போகாதீர்கள், பூங்காவுக்குள் அனுமதி இல்லை. குடிக்கத் தண்ணீர் கையிலேயே இருக்கட்டும். காட்டுத்தீ அபாயம் அதிகமான நாட்களில் பூங்காவை மூடிவிடுவார்கள், அதனால் கிளம்புமுன் நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செதுக்கல்கள் இருக்கும் இடத்தில் உயர்த்திக் கட்டிய நடைமேடை இருக்கிறது, அதிலிருந்து இறங்கவே கூடாது. மணற்பாறை மெத்தென்ற பாறை, செருப்பில் ஒட்டியிருக்கும் மணலே அதை உப்புத்தாள் மாதிரி அறுக்கும், ஆளுக்கு நாலு அடி வைத்தாலும் வருஷக்கணக்கில் கோடு அழிந்துவிடும். சாக்பீஸால் கோட்டை எடுத்துக்காட்டுவது, ஈரத் துணியால் துடைப்பது, தாள் வைத்துத் தேய்த்துப் படி எடுப்பது, எதுவும் வேண்டாம். பழங்குடியினரின் தொல்பொருட்களைச் சேதப்படுத்துவது 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நல்லெண்ணத்தில் கை வைப்பதும் கெடுதல்தான்: சிட்னியின் பாண்டை பகுதியில் கோல்ஃப் மைதானத்தில் உள்ள செதுக்கல்களை 1960களில் தெளிவாகத் தெரியட்டும் என்று மறுபடி வெட்டி ஆழமாக்கினார்கள், இன்று அங்கே பளிச்சென்று தெரிகிற கோட்டில் எது பழையது, எது புதியது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மேடையில் நின்றதும் படம் எடுக்க அவசரப்படாதீர்கள். சூரியன் உங்களுக்குப் பக்கவாட்டில் வருகிற மாதிரி நகர்ந்து நின்று, முழு உருவத்தையும் தேடாமல் ஏதாவது ஒரு வளைவைப் பிடித்து, வால் மாதிரியோ முதுகு மாதிரியோ இருக்கும் கோட்டை, கண்ணால் பின்தொடருங்கள், மீதி தானே சேரும். ஃபோனில் ஃப்ளாஷ் போட்டால் நிழல் செத்து எல்லாம் தட்டையாகிவிடும், அதை அணைத்துவிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள், கறுப்பு வெள்ளையில் இன்னும் நன்றாக வரும்.

பூங்காவில் வேறு பாதைகளில் நடக்கும்போது பலகையோ வேலியோ இல்லாத செதுக்கல் கண்ணில் பட்டால், தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், இடத்தைக் குறித்து இணையத்தில் போடாதீர்கள். காவல் இல்லாத இடங்களுக்குக் கூட்டம் வராமல் இருப்பதுதான் பாதுகாப்பு. மாலையில் போகிறவர்கள் திரும்பும் கடைசி ஃபெர்ரி நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், பாதையில் விளக்கு கிடையாது.