உளவியல் ஆய்வுக்கு ஏற்ற சோதனை வடிவமைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

உளவியல் சோதனை ஒன்றைத் திட்டமிடுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஒரே பங்கேற்பாளரை எல்லா நிலைமைகளுக்கும் (அதாவது, ஒப்பிட்டுப் பார்க்கவிருக்கும் வெவ்வேறு சோதனைச் சூழல்களுக்கும்) உட்படுத்தலாமா என்பதையே. முதல் நிலைமையில் அவர் அறிந்துகொண்டதோ பழகியதோ அடுத்த நிலைமையில் அவர் தரும் விடையை மாற்றிவிடும் என்றால், ஒவ்வொரு நிலைமைக்கும் தனிக் குழு தேவை. எந்தப் புள்ளியியல் கணக்கைப் பயன்படுத்துவது என்பது அதற்குப் பின்னரே எழும் கேள்வி. மாணவர்கள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு தடுமாறுகிறார்கள்.

தனித்தனிக் குழு வடிவமைப்புக்கு எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வு நல்ல சான்று. விபத்துக் காட்சிகளைப் பார்த்த 45 மாணவர்களிடம், கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்கும்போது வினைச்சொல்லை மட்டும் ஐந்து விதமாக மாற்றினார்கள். ஒரு சொல்லுக்கு 9 பேர். 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்டவர்கள், 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்கப்பட்டவர்களைவிட அதிக வேகத்தைச் சொன்னார்கள். ஒரே மாணவரிடம் இரண்டு சொற்களையும் வைத்துக் கேட்டிருந்தால் ஆய்வின் நோக்கம் அவருக்கு அங்கேயே புரிந்திருக்கும். இவ்வகை ஆய்வில் யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கியோ சமவாய்ப்பு எண்களைக் கொண்டோ தீர்மானியுங்கள். முன்வரிசை மாணவர்கள் ஒரு குழு, பின்வரிசை மாணவர்கள் மற்றொரு குழு என்று பிரித்தால், கிடைக்கும் வேறுபாடு நிலைமையால் வந்ததா, அமரும் இடத்தைத் தேர்ந்த மாணவர்களின் இயல்பால் வந்ததா என்று பிறகு பிரித்தறிய முடியாது.

ஆளுக்கு ஆள் வேகம் பெரிதும் மாறுபடும் செயல்களை ஆராய்வதற்கு, ஒருவரையே திரும்பத் திரும்ப அளக்கும் வடிவமைப்பு பொருந்தும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் 100 மாணவர்களிடம் வண்ணங்களின் பெயரைச் சொல்லச் செய்தார். வெறும் வண்ணச் சதுரங்களுக்குச் சராசரியாக 63.3 வினாடிகள் ஆயின. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டதுபோல் சொல்லின் பொருளும் மையின் நிறமும் முரண்பட்டபோது 110.3 வினாடிகள் ஆயின. பயிற்சியும் களைப்பும் முடிவைத் திரிக்காதிருக்க, பாதிப் பேருக்கு முதலில் சதுரமும் மற்றவர்களுக்கு முதலில் சொல்லும் வருமாறு வரிசையை மாற்றிக் கொடுப்பது இதில் கட்டாயம். நான்கு நிலைமைகள் இருந்தால் 24 வரிசைகள் உண்டாகும்; ஒவ்வொரு நிலைமையும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை வரும்படி நான்கு வரிசைகளை அமைக்கும் லத்தீன் சதுரம் அந்தச் சுமையைக் குறைக்கும். ஆனால் வரிசை மாற்றம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. மனப்பாட உத்தி ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அடுத்த பட்டியலை அது இல்லாமல் நினைவில் வைக்கச் சொன்னால், கற்றதை யாரும் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. அத்தகைய ஆய்வுக்குத் தனிக் குழுக்களே சரி.

இணையாக்கிய குழு வடிவமைப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆல்பர்ட் பண்டுராவும் உடன் ஆய்வாளர்களும் 1961இல் வெளியிட்ட பொம்மை ஆய்வில் (பெரியவர் பொம்மையைத் தாக்குவதைக் கண்ட குழந்தைகள் அதைப் பின்பற்றுகிறார்களா என்று பார்த்த ஆய்வு), 72 குழந்தைகளின் வழக்கமான முரட்டுத்தனத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு, ஒத்தவர்களை மும்மூவராகச் சேர்த்து, மூவரையும் வெவ்வேறு நிலைமைகளுக்குச் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கினார்கள். அளக்கவிருக்கும் நடத்தையோடு உறுதியான தொடர்புள்ள பண்பை வைத்து மட்டுமே இணை சேருங்கள். வயதும் பாலினமும் எளிதில் கிடைக்கின்றன என்பதற்காக அவற்றை வைத்துச் சேர்ப்பது வீண் உழைப்பு. இணையில் ஒருவர் பாதியில் விலகினால் மற்றவரின் தரவையும் ஒப்பிட முடியாமல் போகும் என்பதால், தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.