கிலோ கணக்கில் பேசாதீர்கள்: பழைய பொருள் விற்கும்போது நடக்கும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி, அப்பம்மா வீட்டு அறையில் கிடந்த பித்தளைச் சாமான்களை உரப்பையில் கட்டிச் சைக்கிளில் என் பழம்பொருள் கடைக்குக் கொண்டுவந்திருந்தார். பையை அவிழ்ப்பதற்கு முன்பே கைபேசியில் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினார். லாஸ் வேகாஸ் அடகுக்கடை ஒன்றில் எடுக்கிற, 2009இல் தொடங்கிய 'பான் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சி. "அண்ணை, இப்பிடித்தான் பேரம் பேச வேணும்" என்றார். பிறகு பையை அவிழ்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "கிலோ என்ன விலைக்கு எடுக்கிறீங்கள்?"

இருபது வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் விலை பேசினேன். இப்போது வாரத்துக்கு ஒருவராவது அதே பிழையோடு வருகிறார்கள். திருட்டுப் பொருளைத் தொடாதே, ரசீது எழுது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விடுகிறேன்.

நிபுணர் சொன்ன தொகையைக் கேட்பது

அந்த நிகழ்ச்சியில் ஒரு நிபுணர் வந்து பொருளைப் புரட்டிப் பார்த்து ஒரு தொகை சொல்வார். விற்க வந்தவர் அந்தத் தொகையையே கேட்பார். கடைக்காரர் பெரும்பாலும் பாதியிலோ அதற்கும் கீழேயோ தொடங்குவார். பார்க்கிறவர்களுக்கு அவர் ஏமாற்றுகிற மாதிரித் தெரியும். ஆனால் நிபுணர் சொல்வது, கடைசியாக அதை ஆசைப்பட்டு வாங்கி வீட்டில் வைக்கப் போகிறவர் கொடுக்கும் விலை. அந்த ஆள் வரும் வரைக்கும் பொருள் கடையில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்த ஆள் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர். அந்த 25 நாளை விட்டால், பொருள் மாதக்கணக்கில் தட்டிலேயே கிடக்கும். நான் வாங்கும்போது அந்தக் காத்திருப்பையும் சேர்த்துத்தான் விலை சொல்வேன். இணையத்தில் பார்த்த தொகையில் பாதியை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் இரண்டு பக்கமும் நிம்மதியாகக் கதைக்கலாம்.

கிலோவில் பேசுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

எங்கள் வீட்டில் ஒரு மூக்குப்பேணி இருந்தது. வாய் படாமல் அண்ணாந்து குடிக்க வசதியாக ஒரு பக்கத்தில் மூக்கு வைத்த பேணி. எங்கள் பகுதியின் சொந்தப் பாத்திரம். அடியில் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய மூன்று எழுத்துகள். அம்மம்மாவின் தகப்பனின் பெயர் எழுத்துகள் அவை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டை விட்டுப் போகும்போது அம்மம்மா அதையும் இரண்டு செம்பையும் சாக்கில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது சாக்கு உக்கிப்போயிருந்தது, பேணி அப்படியே இருந்தது.

சில வருடம் கழித்துப் பழைய பித்தளை எடுக்கும் ஒருவர் சைக்கிளில் வந்தார். அம்மா வீட்டைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். உடைந்த விளக்குத் தண்டு, ஓட்டை விழுந்த கிடாரம், தட்டம், கூடவே அந்தப் பேணி. "தம்பி, எல்லாத்தையும் ஒண்டாப் போடுங்கோ, நிறுப்பம்" என்றார் அவர். நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக் கால் மணித்தியாலம் நின்று பேரம் பேசினேன். கிலோவுக்கு இருபது ரூபாய் கூட்டித் தரச் சம்மதிக்க வைத்தேன். பேணி அரைக் கிலோவும் வராது. என் பேரத்தால் அந்தப் பேணிக்குக் கூடுதலாகக் கிடைத்தது பத்து ரூபாய்க்கும் குறைவு.

அவர் தராசில் போடுவதற்கு முன் பேணியை மட்டும் எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தார். நீளமாக ஒலித்தது. அது பித்தளை இல்லை, வெண்கலம். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது, பித்தளையை விடப் பெறுமதி. அவர் ஒன்றும் சொல்லாமல் அதைக் குவியலுக்குள் போட்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கு விளங்கவில்லை.

பல வருடத்துக்குப் பிறகு கொழும்பில் ஒரு கடையில் அதே மாதிரிப் பேணி ஒன்று கண்ணாடிக்குள் தனியாக இருந்தது. அதற்குப் பெயர் எழுத்துகூட இல்லை. கேட்ட விலைக்கு எங்கள் வீட்டுக் குவியல் முழுவதையும் இரண்டு தரம் வாங்கியிருக்கலாம்.

இந்தப் பழக்கம் எங்களுக்குத் தங்கத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அடைவு வைக்கப் போனால் அட்டியலை நிறுப்பார்கள், உரசிப் பார்ப்பார்கள், கல்லுக்குக் கழிப்பார்கள். வேலைப்பாட்டுக்கு ஒரு சதமும் தரமாட்டார்கள். தங்கத்துக்கு அது சரி, ஏனென்றால் அங்கே உலோகந்தான் பொருள். தாலிக்கொடியில் கோத்த பவுண் காசும் அப்படித்தான். வளையம் ஒட்ட வைத்த காசைச் சேகரிப்பவர் தேட மாட்டார், நிறைக்குத்தான் விலை. ஆனால் அதே கணக்கைப் பேணிக்கும் பாக்குவெட்டிக்கும் வெத்திலைத் தட்டத்துக்கும் கொண்டுபோனால், கூட்டிக் குறைத்துப் பேசுகிற ஒவ்வொரு ரூபாயும் தவறான கணக்குக்குள்ளேயே நடக்கிறது. பேரத்தில் வென்றாலும் தோல்விதான்.

ஆகவே ஆள் வருவதற்கு முன் வீட்டிலேயே பிரியுங்கள். உடைந்தது, ஒட்டுப் போட்டது ஒரு பக்கம். முழுதாக இருப்பது, எழுத்து வெட்டியது, சுண்டினால் ஒலிப்பது இன்னொரு பக்கம். முதலாவதைக் கிலோவுக்குக் கொடுங்கள். இரண்டாவதை ஒவ்வொன்றாக மேசையில் வையுங்கள். தராசை எடுத்தால், "இதை நிறுக்க வேண்டாம் அண்ணை, இந்தப் பேணிக்கு என்ன தருவீங்கள்?" என்று கேளுங்கள். நிறையை நீங்களே முதலில் பார்த்து வைத்திருந்தால், உலோக விலைதான் அடிமட்டம் என்று தெரியும். அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. "எல்லாம் சேர்த்து ஒரே விலை" என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். குவியலுக்குள் அவருக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது.

போன மாதம் வந்த தம்பியின் பையில் ஒரு பாக்குவெட்டி இருந்தது. பிடியில் கிளி. அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன்.

மினுக்கிக்கொண்டு வருவது

வேண்டாம். புளியும் சாம்பலும் அடுப்படிப் பாத்திரத்துக்கு.

பழசு என்றால் விலை என்று நம்புவது

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காசு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இருநூறு வருடம் பழையது, லட்சக்கணக்கில் போகும் என்று சிலர் வருவார்கள். அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனியின் VOC என்ற மூன்றெழுத்து முத்திரை போட்ட அந்தச் செப்புக் காசுகளை ஏராளமாக அடித்தார்கள், இன்னும் உலகம் முழுக்கக் கிடைக்கின்றன. தேய்ந்த ஒன்றுக்கு அதிகம் எதிர்பார்க்க முடியாது. 1821இல் வெளியான, யானை பொறித்த இறைசால் என்ற பிரித்தானியர் கால வெள்ளிக் காசு அதற்குப் பிந்தியது. ஆனால் கையில் கிடைத்தால் அதற்கு ஆள் இருக்கிறது. வயதை விட, எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, யார் தேடுகிறார் என்பதுதான் பேச்சு.

தோண்டி எடுத்ததை விலை பேசுவது

தோட்டம் கொத்தும்போது நந்தி படமும் கீழே 'சேது' என்ற எழுத்தும் உள்ள காசு கிடைத்தது என்று யாராவது வந்தால் நான் கையால் தொடுவதில்லை. யாழ்ப்பாண அரசர்களின் காசு அது, பார்க்க ஆசைதான். ஆனால் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்ட ஒன்று நிலத்திலிருந்து வெளிப்பட்டால் அது அரசுக்குச் சொந்தம். உங்கள் காணி என்பதால் உங்களுடையது ஆகாது. அறிவிக்க வேண்டும். பரம்பரையாக வீட்டில் இருப்பது வேறு விடயம். ஆனால் அதையும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. லண்டனிலிருந்து வரும் சித்தப்பாவின் பெட்டிக்குள் ஒல்லாந்தர் காசைச் செருகி அனுப்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

சோடியைப் பிரிப்பது

குத்துவிளக்கு இரண்டு என்றால் இரண்டும் ஒன்றாகத்தான் போக வேண்டும்.

படம் எடுக்காமல் கொடுப்பது

விற்பது என்று முடிவெடுத்தால், முதலில் வெளிச்சத்தில் வைத்து நாலு படம் எடுங்கள். அடியில் உள்ள எழுத்தைக் கிட்டவாக. அது விலைக்கும் உதவும், பிறகு எங்கேயாவது கண்டால் அடையாளம் சொல்லவும் உதவும். எங்கள் பேணிக்கு ஒரு படமும் இல்லை. மூக்கில் சின்ன நெளிவு ஒன்று இருந்தது. அது இடப்பக்கம் என்கிறார் அம்மா. எனக்கு வலப்பக்கம் என்றுதான் ஞாபகம்.