கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம்: முதல் தரையிறக்கம் மின்மஸில்தான்

ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம் என்ற கம்ப்யூட்டர் கேமைத் திறந்ததும் எல்லாரும் மன் நிலவுக்குத்தான் ராக்கெட் விடப் பார்க்கிறார்கள். வானத்தில் பெரிதாகத் தெரிகிறது, பக்கத்திலும் இருக்கிறது; ஆசை வராமல் இருக்குமா? என்னிடம் பிளஸ் ஒன் இயற்பியல் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் அப்படித்தான். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: மன் அப்புறம், முதலில் இன்னொரு நிலவான மின்மஸுக்குப் போங்கள். தூரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆனாலும் போய் இறங்கித் திரும்பி வர அதுதான் சுலபம். ஏன் என்பது புரிந்துவிட்டால் இந்த கேமில் பாதி புரிந்த மாதிரி.

நான் பேசுவது முதல் பாகத்தைப் பற்றி. மெக்சிகோவின் ஸ்குவாட் நிறுவனம் 2011-ல் விளையாடக் கொடுத்து, 2015-ல் 1.0 பதிப்பாக வெளியிட்டது. 1.12 பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள அலாரம் பின்னால் உதவும். தொடங்கும்போது சயின்ஸ் மோட் எடுங்கள். பணக் கணக்கு இருக்காது, ஆனால் புது இடத்துக்குப் போனால்தான் புது பாகங்கள் கிடைக்கும். ஊர் சுற்ற அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்து பயனில்லை. டெல்டா-வியில் அளக்க வேண்டும், அதாவது கையில் இருக்கும் எரிபொருளை எரித்து மொத்தம் எவ்வளவு வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்ற கணக்கில். நாம் கிளம்பும் கோளான கெர்பினின் தரையிலிருந்து தாழ்வான சுற்றுப்பாதைக்கு ஏறவே நொடிக்கு 3,400 மீட்டர் வேண்டும். அங்கிருந்து மன்னுக்குப் புறப்பட 860, அதைச் சுற்ற 310, இறங்க 580. மின்மஸுக்குப் புறப்பட 930, சுற்ற 160, இறங்க வெறும் 180. திரும்பி வரும்போது இறங்கிய அளவும் சுற்றிய அளவும் இன்னொரு முறை செலவாகும். கூட்டிப் பாருங்கள்: மன் போய்வர 2,640, மின்மஸ் போய்வர 1,610. புறப்படும்போது 70 கூடுதலாகக் கொடுத்தாலும் போன இடத்தில் ஆயிரத்துக்கு மேல் மிச்சம். மின்மஸின் ஆரம் 60 கிலோமீட்டர்தான், ஈர்ப்பு நம் தரையில் இருப்பதில் இருபதில் ஒரு பங்கு. காரணம் அவ்வளவுதான்.

கப்பலை அதற்கேற்பச் சின்னதாகக் கட்டுங்கள். மேலிருந்து கீழாக: பாராசூட், ஒருவர் உட்காரும் எம்கே1 பாட், வெப்பக் கவசம், டீகப்ளர் (அடுக்குகளைப் பிரித்துவிடும் பாகம்), ஒரு எஃப்எல்-டி400 டேங்க், அதன் கீழே டெரியர் இன்ஜின், சுற்றிலும் நான்கு சின்னக் கால்கள். இந்த மேல் அடுக்கில் டெல்டா-வி ஏறத்தாழ 2,100 இருக்கும். மின்மஸுக்குத் தாராளம்; இதே கப்பல் மன்னில் இறங்கினால் அங்கிருந்து வீடு திரும்பாது. டெரியர் வெற்றிடத்தில் அருமையான இன்ஜின், காற்றில் ஒன்றுக்கும் ஆகாது. அதனால் கீழ் அடுக்குகளுக்கு ஸ்விவல் இன்ஜினும் பக்கவாட்டில் திட எரிபொருள் பூஸ்டர்களும் போட்டு, அந்த 3,400-ஐ அவற்றின் தலையில் கட்டிவிடுங்கள். கிளம்பும் நேரத்தில் உந்துவிசை, எடையைப் போல் 1.3 முதல் 1.5 மடங்கு இருந்தால் போதும். திரையின் வலது பக்க ஸ்டேஜ் பட்டியலில் டெல்டா-வியையும் இந்த விகிதத்தையும் கேமே காட்டும்.

மேலே போவது என்றால் நேராகப் போவது என்று நினைக்க வேண்டாம். நொடிக்கு 100 மீட்டர் வேகம் வந்ததும் கிழக்குப் பக்கம் ஐந்து முதல் பத்து டிகிரி சாயுங்கள். 10 கிலோமீட்டர் உயரம் தாண்டும்போது 45 டிகிரி சாய்ந்திருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். கெர்பின் கிழக்கு நோக்கிச் சுழல்வதால் நொடிக்கு 175 மீட்டர் சும்மாவே கிடைக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா கிழக்குக் கடற்கரையில் இருப்பதற்கும் இது ஒரு காரணம் என்று சொன்னால் பிள்ளைகளின் முகம் மலரும். பாதையின் உச்சி 80 கிலோமீட்டரைத் தொட்டதும் இன்ஜினை அணைத்து, உச்சியை நெருங்கும்போது புரோகிரேட் திசையில் (போய்க்கொண்டிருக்கும் திசையிலேயே) மீண்டும் எரியுங்கள். காற்று 70 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். வேகம் 2,280-ஐ எட்டினால் நீங்கள் சுற்றுப்பாதையில் இருக்கிறீர்கள். எஃப்5 அழுத்திச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இனி மேப்பைத் திறந்து மின்மஸை இலக்காக வையுங்கள். அதன் பாதை 6 டிகிரி சாய்ந்தது. கெர்பினுக்குப் பக்கத்திலேயே சாய்வைச் சரிசெய்தால் 240 வரை செலவாகும். பாதி வழி போய்விட்டுச் செய்தால் அதில் ஒரு சிறு பகுதிதான். வேகம் குறைவாக இருக்கும் இடத்தில் திசை திருப்புவது மலிவு. பயணம் சுமார் ஒன்பது கெர்பின் நாள் (கெர்பினில் ஒரு நாளுக்கு ஆறு மணி நேரம்). நேரத்தை வேகமாக ஓட்டலாம், ஆனால் மின்மஸின் ஈர்ப்பு எல்லைக்குள் நுழையும் முன் அலாரம் வைத்துவிடுங்கள்.

தரையிறங்க, வெளிர்பச்சை நிறத்தில் வழவழவென்று கிடக்கும் சமவெளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கிரேட்டர் ஃப்ளாட்ஸ் மிகச் சிறந்தது. இந்தச் சமவெளிகள் சரியாகப் பூஜ்ய உயரத்தில் இருக்கின்றன. ஆல்டிமீட்டர் (உயரமானி) 500 என்று காட்டினால் தரைக்கும் உங்களுக்கும் நடுவே நிஜமாகவே 500 மீட்டர். மன்னில் இந்த வசதி கிடையாது: எண் 3,000 என்று காட்டும், மேடோ காலடியில் இருக்கும்.

10 கிலோமீட்டர் பாதையில் வேகம் 160 தான் இருக்கும். ரெட்ரோகிரேட் திசையில் (போகும் திசைக்கு நேர் எதிரே) எரித்துப் பாதையைச் சமவெளியின் நடுவே விழும்படி வளையுங்கள். திசை காட்டும் உருண்டையான நேவ்பாலின் மேல் உள்ள வேக எண்ணைத் தொட்டு ‘சர்ஃபேஸ்’ ஆக்குங்கள், கப்பலின் திசையைத் தானாகப் பிடித்து வைக்கும் எஸ்ஏஎஸ்ஸை ரெட்ரோகிரேடில் நிறுத்துங்கள். 1,000 மீட்டர் உயரத்தில் வேகம் 30, 200 மீட்டரில் 10, தொடும்போது 2-க்குள். த்ராட்டிலை (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைப்பது) மயிலிறகால் வருடுகிற மாதிரி தொட்டுத் தொட்டு விடுங்கள். கூடிவிட்டால் கப்பல் மறுபடி மேலே கிளம்பும். கால்கள் தொட்டதும் ‘எக்ஸ்’ அழுத்தி இன்ஜினை அணையுங்கள். எஸ்ஏஎஸ் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருக்கட்டும், ஆனால் ரெட்ரோகிரேடிலிருந்து சாதாரண நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே திசை தேடிக் கப்பல் கவிழும்.

இப்போது விமானி ஜெபடையாவை வெளியே இறக்குங்கள் (இந்த கேமின் குட்டி மனிதர்களுக்குத்தான் கெர்பல் என்று பெயர்). மண் மாதிரி எடுங்கள், அறிக்கை எழுதுங்கள். மின்மஸில் ஒன்பது வகை நிலப்பகுதிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். எரிபொருள் மிச்சம் இருப்பதால் சமவெளியிலிருந்து பக்கத்துச் சரிவுக்குத் தாவிப் போய் அங்கேயும் எடுக்கலாம். இங்கே சுற்றுப்பாதை வேகமே 170 தான் என்பதால், முதுகில் இருக்கும் ஜெட்பேக்கை மட்டும் வைத்து ஒரு கெர்பல் சுற்றுப்பாதைக்கே ஏறிவிட முடியும். சுற்றுப்பாதைத் திசைவேகம் என்றால் என்ன என்பதைக் கரும்பலகையில் சூத்திரம் எழுதி விளக்குவதைவிட இதைக் காட்டினால் மனதில் நிற்கிறது. திரும்பும்போது கெர்பினுக்கு மிக அருகில் வரும் புள்ளியை 30 முதல் 35 கிலோமீட்டரில் வையுங்கள். மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

மன்னுக்கு இதே வழிதான், டேங்க் மட்டும் பெரிதாக வேண்டும். கெர்பினின் விளிம்பில் மன் உதிக்கும்போது எரிக்கத் தொடங்குங்கள். ஏறக்குறைய சரியாகப் போய்ச் சேரும்.

அடுத்தது டூனா என்ற கோள். கெர்பினுக்கு 44 டிகிரி முன்னால் டூனா இருக்கும்போதுதான் கிளம்ப வேண்டும். தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு இரண்டு கெர்பின் ஆண்டுக்கும் மேல் தள்ளிப் போகும். அலாரத்தில் ‘டிரான்ஸ்ஃபர் விண்டோ’ வைத்தால் அதுவே நாள் சொல்லும். சிறிய இன்ஜினாக இருந்தால் ஒரே மூச்சில் எரிக்காமல், கெர்பினுக்கு மிக அருகே வரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துப் பாதையை நீட்டுங்கள். 2013 நவம்பர் 5-ல் கிளம்பிய மங்கள்யான் பூமியைச் சுற்றி இப்படித்தான் படிப்படியாக ஏறி, 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயை அடைந்தது. டூனா பயணம் சுமார் 300 கெர்பின் நாள். காற்று 50 கிலோமீட்டர் உயரம் வரை இருக்கிறது, ஆனால் மெலிந்த காற்று. பாராசூட்டை மட்டும் நம்பாமல் கடைசி நொடிகளுக்குக் கொஞ்சம் எரிபொருள் வைத்திருங்கள். வழியில் ஐக் என்ற நிலவு குறுக்கே வரும், பாதையை மேப்பில் ஒருமுறை பாருங்கள்.

ஊதா நிறத்தில் மயக்கும் ஈவ் என்ற கோளில் மட்டும் ஆளை இறக்காதீர்கள். இறங்குவது எளிது, ஐந்து மடங்கு காற்றழுத்தத்தில் பாராசூட்டே போதும். கடல் மட்டத்திலிருந்து மறுபடி ஏறத்தான் சுமார் 8,000 வேண்டும். தரைக்கு ஆளில்லாக் கலம் ஒன்றை அனுப்பிவிட்டு, ஆளை அதைச் சுற்றும் கில்லி என்ற நிலவுக்குக் கொண்டுபோங்கள். 13 கிலோமீட்டர் ஆரமுள்ள அந்தக் கல்லில் இறங்கும்போது நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் போகாதீர்கள். வேகமாக மோதினால் கப்பல் துள்ளி மேலே போய், திரும்பி விழ வெகுநேரம் ஆகும்.