ஏசுவதற்கு முன்னால்: நம்ம ஆள் கிளப் மாறினால் எப்படி எடை போடுவது

2011 ஜனவரி 31 ராத்திரி ஸ்பெயின் கால்பந்து ஆட்டக்காரர் ஃபெர்னாண்டோ டோரஸ் என் அபிமான இங்கிலாந்து கிளப்பான லிவர்பூலை விட்டு இன்னொரு இங்கிலாந்து கிளப் செல்சிக்குப் போனார். ஐந்து கோடி பவுண்டு. பிரிட்டிஷ் கிளப் எதுவும் அதுவரை ஒரு ஆட்டக்காரருக்கு அவ்வளவு கொடுத்ததில்லை. நான் அப்போது பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தேன், விடுதி அறையில் கட்டிலுக்கு மேலே அவர் படம்தான் ஒட்டியிருந்தது. விடிந்ததும் முதல் வேலையாக அதைக் கிழித்துப் போட்டேன். பக்கத்து அறைப் பையன் "ஏல, என்னல ஆச்சு" என்று கேட்டதற்கு "துரோகி, போயிட்டாம்ல" என்று மட்டும் சொன்னேன். அந்த வருஷம் கிளப் என்ன நிலைமையில் இருந்தது, அவருடைய முழங்கால் என்ன ஆகியிருந்தது, அதே நாளில் கோல் அடிக்கிற ஆட்களான சுவாரஸும் ஆண்டி கேரலும் லிவர்பூலுக்குள் வந்தார்களே அது எப்படி, ஒன்றும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு இத்தனை வருஷமாகத் தேடித் தேடிப் படித்ததில் எனக்கென்று ஒரு முறை உண்டாகியிருக்கிறது. ஆனித் தேர் ஓடுகிற சமயத்தில்தான் ஐரோப்பாவில் ஆட்டக்காரர்கள் கிளப் மாற அனுமதிக்கிற கோடைக்கால விண்டோவும் களைகட்டும், அந்த மாதங்களில் டீக்கடையிலும் மைதானத்திலும் நடக்கிற சண்டையைப் பார்க்கும்போதெல்லாம் இதை எழுத வேண்டும் என்று தோன்றும். ஒரு ஆட்டக்காரர் போனார் என்பதைவிட எப்படிப் போனார் என்பதைத்தான் பார்க்கணும். அதைப் பார்ப்பதற்குச் சில விவரங்கள் கையில் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், செய்தி வந்த அன்றைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். இரண்டு கிளப்பும் அறிவிக்கிற வரைக்கும் அது வெறும் பேச்சு. ஒரு ஆட்டக்காரரின் ஒப்பந்தப் புதுப்பிப்பு இழுத்துக்கொண்டே போகும்போது திடீரென்று ஒரு பெரிய கிளப் அவரைக் கேட்கிறதாம் என்று செய்தி கிளம்பினால், அதனால் யாருக்கு லாபம் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பல சமயம் சம்பளத்தை ஏற்றுவதற்காக ஏஜென்ட் பக்கத்திலிருந்து வருகிற காற்று அது. விற்க ஆசைப்படுகிற கிளப்பே கிளப்பி விடுவதும் உண்டு.

அடுத்தது ஒப்பந்தத் தேதி. எனக்கு இதுதான் முக்கியம், பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும். ஐரோப்பாவில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஜூன் 30-ல் முடியும். டிரான்ஸ்ஃபர் தொகை என்பது ஆளுக்கான விலை என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் மிச்சமிருக்கிற ஒப்பந்தக் காலத்தை விட்டுக்கொடுப்பதற்குக் கிளப் வாங்குகிற பணம் அது. 1995 வரைக்கும் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் பணம் கேட்டு ஆளைப் பிடித்து வைக்க முடிந்தது. பெல்ஜியத்தில் லியேஜ் கிளப்பில் ஆடிய ஜான் மார்க் போஸ்மன் பிரான்சின் டன்கர்க் கிளப்புக்குப் போக விரும்பினார், விடவில்லை, நீதிமன்றம் போனார், 1995 டிசம்பர் 15-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதிலிருந்துதான் ஒப்பந்தம் முடிந்தவர் சும்மாவே போகலாம், கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு பேசி முடித்துக்கொள்ளலாம்.

ஆக, ஒருவருக்கு இன்னும் மூன்று வருஷம் ஒப்பந்தம் இருக்கும்போது அவர் போகிறார் என்றால், கிளப்பும் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஆட்டக்காரரை மட்டும் ஏசுவதில் என்ன நியாயம்? இதற்கு ஒரு விலக்கு ரிலீஸ் கிளாஸ். இவ்வளவு தொகையைக் கட்டினால் கிளப்பைக் கேட்காமலே ஆள் போகலாம் என்ற ஷரத்து அது, ஸ்பெயினில் வழக்கமாகவே இருக்கும். 2017-ல் பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி 22.2 கோடி யூரோவைக் கட்டி நெய்மாரைக் கூட்டிக்கொண்டு போனது அப்படித்தான், பார்சிலோனா வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை. எல்லா ஷரத்தும் அவ்வளவு தெளிவாக இருக்காது. 2013-ல் சுவாரஸின் ஒப்பந்தத்தில் நான்கு கோடிக்கு ஒரு ஷரத்து இருக்கிறது என்று நம்பி ஆர்சனல் நான்கு கோடியே ஒரு பவுண்டு கேட்டது, லிவர்பூல் விடவில்லை.

ஹாரி கேனையும் இந்தத் தேதியை வைத்துத்தான் பார்க்கணும். 2023 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டாட்டன்ஹாமை விட்டு ஜெர்மனியின் பேயர்னுக்குப் போனபோது அவருக்கு ஒரே ஒரு வருஷம்தான் மிச்சம். அந்தக் கிளப்புக்காக 280 கோல் அடித்தவர், இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு இலவசமாகப் போயிருக்கலாம். போகும்போது பெரிய தொகையைக் கிளப்புக்கு விட்டுவிட்டுத்தான் போனார்.

மூன்றாவது, கதவைத் தள்ளியது யார் என்று பாருங்கள். ரசிகர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறோம். கானர் கேலகர் சின்னப் பையனாக செல்சி அகாடமியில் சேர்ந்தவர், 2023-24 சீசனில் பல ஆட்டங்களுக்குக் கேப்டன், 2024 ஆகஸ்டில் அத்லெடிகோ மாட்ரிட்டுக்கு விற்றுவிட்டார்கள். கணக்கு என்னவென்றால், வெளியிலிருந்து வாங்கிய ஆளுக்குக் கொடுத்த பணத்தை ஒப்பந்த வருஷங்களுக்குப் பிரித்துச் செலவாக எழுதுகிறார்கள், வீட்டில் வளர்ந்த பையனுக்கு அப்படி ஒரு செலவே ஏட்டில் இல்லை, ஆகவே விற்ற பணம் முழுக்க லாபம். இவ்வளவுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்கிற லீக் விதி கழுத்தை நெரிக்கும்போது கிளப் முதலில் யாரைப் பார்க்கும்? பிறந்ததிலிருந்து அந்தச் சட்டையைப் போட்டவனைத்தான். இது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்லை. ஆட்டக்காரர்களிடம் விசுவாசம் கேட்கிற நாம் கிளப்பிடம் அதைக் கேட்பதே கிடையாது.

ரியல் மாட்ரிட்டில் கோல்கீப்பர் காசியாஸ் 725 ஆட்டம் ஆடினார். 2015-ல் போர்ட்டோவுக்குப் போகும்போது முதல் நாள் நிருபர்கள் முன்னால், கிளப்பிலிருந்து யாரும் பக்கத்தில் இல்லாமல், தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டே விடைபெற்றார். மெஸ்ஸி 2021-ல் பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டும், ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் சம்பள வரம்புக்குள் பார்சிலோனாவின் கணக்கு அடங்காததால் போக வேண்டியதாயிற்று. அதற்கு முந்தின வருஷம் அவரே போகிறேன் என்று கடிதம் கொடுத்தவர் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

நான்காவது, கடைசி ஆறு மாதம் எப்படி ஆடினார். எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். உவரி, இடிந்தகரை பக்கம் கடற்கரை ஊர்களில் பந்து என்றால் உயிர், திருவிழாச் சமயத்துப் போட்டிகளில் வெளியூர் ஆட்களை கெஸ்ட் பிளேயராக இறக்குவது வழக்கம். ஒரு வருஷம் எங்கள் டீமின் செண்டர் ஃபார்வர்டு பக்கத்து ஊருக்கு கெஸ்ட்டாக ஆடப் போனான், அவர்கள் பஸ் காசும் புது பூட்டும் கொடுத்தார்கள். அரையிறுதியில் அவர்களோடுதான் எங்களுக்கு ஆட்டம். கரையில் நின்று நாங்கள் அவனை ஏசாத ஏச்சு இல்லை. எங்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்த அண்ணாச்சி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "போறேன்னு முன்னாலயே உங்கட்ட சொன்னானா?" ஆமாம், மூன்று வாரத்துக்கு முன்னாலேயே சொன்னான், அதுவரைக்கும் ஒரு ஆட்டம் தவறாமல் எங்களுக்கு ஆடினான். "சொன்னாம்லா. பிறகு என்னத்துக்கு ஏசுதிய?"

இன்றைக்கு வரைக்கும் நான் எல்லோரையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். சுவாரஸ் அந்த 2013 கோடையில் போக ஆசைப்பட்டார், முறுக்கிக்கொண்டார், கடைசியில் இருந்தார், இருந்த வருஷத்தில் லீக்கில் 31 கோல் அடித்து எங்களைப் பட்டத்தின் வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தினார். 2014-ல் பார்சிலோனா போனபோது எனக்கு வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. அர்ஜென்டினாக்காரர் பாடிஸ்டூட்டாவைப் பாருங்கள். 1993-ல் இத்தாலியின் ஃபியோரெண்டினா இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோது கூடவே இறங்கி ஆடியவர், மொத்தம் ஒன்பது வருஷம் அங்கே ஆடிவிட்டு 2000-ல் ரோமாவுக்குப் போனார், அதே நவம்பரில் பழைய கிளப்புக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலில் ரோமா ஜெயித்தது, அடித்துவிட்டு மைதானத்திலேயே அழுதார். அடுத்த வருஷம் இத்தாலியப் பட்டம் கிடைத்தது. இவரைத் துரோகி என்று சொல்ல எந்த வாய் வரும்?

ஐந்தாவது, எங்கே போனார். பரம எதிரியிடம் போவது வேறு சங்கதி, அது வலிக்கத்தான் செய்யும், வலிக்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. 2000-ல் ஃபீகோ பார்சிலோனாவிலிருந்து நேராக ரியல் மாட்ரிட், 2001-ல் சோல் கேம்பல் டாட்டன்ஹாமிலிருந்து ஆர்சனல், அதுவும் ஒப்பந்தம் முடிந்து இலவசமாக. விசில் அடியுங்கள், பெயரைச் சொல்லிக் கூச்சல் போடுங்கள், அது ஆட்டத்தில் சேர்ந்ததுதான். 2002-ல் பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நூவில் ஃபீகோ கார்னர் எடுக்க வந்தபோது பன்றித் தலை வரைக்கும் வந்து விழுந்தது, ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே எல்லை தாண்டிவிட்டார்கள். ஆட்டக்காரரின் அம்மாவையும் பிள்ளைகளையும் இழுத்து எழுதுகிறவர்களும் அந்த எல்லைக்கு அந்தப் பக்கம்தான்.

நம் ஊர் ஆட்டக்காரர்கள் விஷயத்தில் அளவுகோலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். குமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறைக்காரரான மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி கிளப்பில் பெயர் வாங்கினார், அப்புறம் ஜாம்ஷெட்பூர், அப்புறம் கொல்கத்தாவின் ஏடிகே. அடுத்த சீசனில் ஏடிகே மோகன் பகானோடு சேர்ந்துவிட்டது, கிளப்பே வேறாகிவிட்டது. சென்னை சிட்டி 2018-19-ல் இந்தியாவின் ஐ-லீக் பட்டத்தை ஜெயித்த அணி, 2020-21க்குப் பிறகு அந்த லீக்கில் இல்லை. கிளப்புகளே இப்படி மறைந்துபோகிற நாட்டில் ஒரு மீனவக் கிராமத்துப் பையன் நல்ல சம்பளம் கிடைக்கிற இடத்துக்குப் போவதை விசுவாசக் கணக்கில் எழுதவே கூடாது என்பது என் முடிவு. அனிருத் தாபா 2023-ல் சென்னையின் எஃப்சி கிளப்பை விட்டு மோகன் பகானுக்குப் போனதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். இன்னொன்று, நாடு விட்டு நாடு நடக்கிற டிரான்ஸ்ஃபர் தொகையில் ஐந்து சதவீதம் அந்த ஆளை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்று ஃபிஃபா விதி இருக்கிறது. பெரிய தொகையைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது, எங்கோ ஒரு சின்ன ஊர் கிளப்புக்கு அதில் ஒரு பங்கு போகிறது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இருந்தவர்களையும் இதே கண்ணால் பாருங்கள். லிவர்பூல் கேப்டன் ஜெரார்டை நாங்கள் விசுவாசத்துக்கே இலக்கணமாகச் சொல்வோம், ஆனால் 2005 கோடையில், இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிச் சில வாரங்களில், அவர் செல்சிக்குப் போக ஒரு அடிதான் பாக்கி. லிவர்பூலில் அவர் சட்டையை எரித்தார்கள். பிறகு மனம் மாறி இருந்துவிட்டார், 2015 வரை ஆடினார். ஒருவேளை போயிருந்தால் அவர் வேறு மனிதராகிவிட்டிருப்பாரா என்ன? ரோமில் பிறந்த டோட்டி 1993-லிருந்து 2017 வரை ரோமாவிலேயே 786 ஆட்டம் ஆடினார். பிறந்த ஊரே பெரிய கிளப்பாக அமைவது எல்லோருக்கும் கிடைக்காது.

கடைசியாக, ஆட்டத்தைத் தனியாக எடை போடுங்கள், குணத்தோடு கலக்காதீர்கள். டோரஸ் லிவர்பூலுக்கு லீக்கில் 102 ஆட்டத்தில் 65 கோல், செல்சிக்கு 110 ஆட்டத்தில் 20 கோல். "பாவம் சும்மா விடுமா" என்று அன்றைக்கு நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆனால் 2010-ல் மட்டும் அதே முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை நடந்திருந்தது, வேகம் கிளப் மாறுவதற்கு முன்னாலேயே குறைந்துவிட்டது. ஆகவே எண்களைப் பார்க்கும்போது டிரான்ஸ்ஃபர் நாளிலிருந்து தொடங்காதீர்கள், அதற்கு இரண்டு வருஷம் முன்னாலிருந்து பாருங்கள்: எத்தனை நிமிஷம் ஆடினார், எந்தக் காயம், யார் பந்து கொடுத்தார்கள், வயது என்ன. கோப்பைக் கணக்கு இன்னும் வேறு மாதிரி. கோல் வராத அதே டோரஸ் செல்சியோடு 2012-ல் சாம்பியன்ஸ் லீக், 2013-ல் யூரோப்பா லீக் இரண்டும் ஜெயித்தார்.

இதையெல்லாம் சேர்த்து டிரெண்ட் அலெக்சாண்டர் ஆர்னால்டை எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன். ஆறு வயதில் லிவர்பூலில் சேர்ந்த உள்ளூர்ப் பையன். 2021-ல் போட்ட ஒப்பந்தம் 2025 ஜூன் 30-ல் முடிவதாக இருந்தது. லீக் பட்டத்தை ஜெயித்த பிறகு மே மாதத் தொடக்கத்தில் போகிறேன் என்று அவரே அறிவித்தார், அடுத்த வாரமே லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் சொந்த ரசிகர்கள் அவரைப் பார்த்துக் கத்தினார்கள். க்ளப் உலகக் கோப்பைக்காகச் சில வாரம் முன்னதாக எடுக்க ரியல் மாட்ரிட் ஒரு சின்னத் தொகை கொடுத்தது, மற்றபடி கிளப்புக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. கேன் விட்டுவிட்டுப் போனதுபோல இவரும் விட்டுவிட்டுப் போயிருக்கலாம், அந்தக் குறை எனக்கு இருக்கிறது. ஆனால் நாலு வருஷத்தில் புதுக் கையெழுத்து வாங்காதது கிளப்பின் பொறுப்பும்தான். ஒப்பந்தத்தின் கடைசி சீசனிலும் ஆடி, பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, சொல்லிவிட்டுத்தான் போனார்.

என் அக்கா மகன் மேலப்பாளையத்தில் இருக்கிறான், டிரெண்டின் 66-ஆம் நம்பர் சட்டை வைத்திருக்கிறான், "மாமா, இனிமே இதைப் போடலாமா?" என்று கேட்டான். 2019 மே மாதம் பார்சிலோனாவுக்கு எதிராக எல்லோரும் அசந்து நின்ற நேரத்தில் டிரெண்ட் சட்டென்று எடுத்த அந்தக் கார்னரை, ஒரிகி அதைக் கோலாக்கியதைப் போட்டுக் காட்டினேன். போட்டுக்கொண்டுதான் விளையாடப் போகிறான். மைதானத்தில் யாராவது கேலி பண்ணினால் ஜூன் 30 கணக்கை அவனே சொல்கிறான்.