ஆண்களுக்கு முடி கொட்டினால்: முடிவெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

முடி கொட்டுகிறது என்று உறைத்ததும் பெரும்பாலானோர் முதலில் எண்ணெயை மாற்றுகிறார்கள், பிறகு ஷாம்புவை மாற்றுகிறார்கள், அதன்பின் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைக் குறை சொல்கிறார்கள். நானும் என் 26ஆம் வயதில் இதே வரிசையில் இரண்டு ஆண்டுகளைக் கடத்தினேன். அந்தக் காலத்தில் முதலில் செய்திருக்க வேண்டியது, முடி எந்த வகையில் கொட்டுகிறது என்று அறிந்துகொள்வதுதான்.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது எவருக்கும் இயல்பு. டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பிறகோ, பட்டினி கிடந்து எடையைக் குறைத்த பிறகோ, இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் கொத்துக்கொத்தாக உதிர்ந்தால், அது பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். நாணயம் போல வட்டமாக, வழவழப்பாகத் திட்டு விழுந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம்; பெயரில் புழு இருந்தாலும், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது அது. சின்ன வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டு காத்திராமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நெற்றியின் இரு ஓரங்களும் மேலேறி, உச்சிச் சுழி விரிந்து, பிடரியிலும் காதோரங்களிலும் மட்டும் அடர்த்தி குறையாமல் இருந்தால், அது பரம்பரை வழுக்கை. இனிச் சொல்வது அதைப் பற்றியே.

ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடலில் டி.எச்.டி. என்றொரு பொருள் உண்டாகிறது. மரபணு வாகாக அமைந்தவர்களுக்கு, முன்தலையிலும் உச்சியிலும் உள்ள முடிக்குழிகளை இது ஆண்டுக்காண்டு சுருக்கிவிடுவதால், முடி மெலிந்து, பூனைமுடியாகி, கடைசியில் முளைப்பதையே நிறுத்திவிடுகிறது. இந்த மரபு தாய்வழியிலும் வரும், தந்தைவழியிலும் வரும். ஆகவே தாய்மாமன் தலையை மட்டும் பார்த்துக் கணிப்பது போதாது. ஹெல்மெட் போடுவதாலோ தொப்பி அணிவதாலோ பரம்பரை வழுக்கை விழுவதில்லை. பழனியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்பதும் நம்பிக்கையே. சவரக்கத்தி தோலுக்கு மேலே இருப்பதை வெட்டுமே ஒழிய வேரைத் தொடுவதில்லை.

மருந்துக்குப் போகும் முன் நெற்றி, உச்சி, பக்கவாட்டு என மூன்று படங்களை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதையே திரும்ப எடுங்கள். கண்ணாடி நம் மனநிலைக்குத் தக்கபடி ஏமாற்றிவிடும். மருந்து கேட்கிறதா என்பதைப் படங்கள்தான் காட்டும்.

நன்கு ஆராயப்பட்டு, பரவலாகப் பயன்படும் மருந்துகள் இரண்டு. மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. அதை உட்கொண்டவர்களுக்கு முடி வளர்ந்ததைக் கண்ட பின்பே தலையில் பூசும் மருந்தானது. ஆண்களுக்கான 5 சதவீதக் கரைசலை, காய்ந்த தலைத்தோலில், ஒவ்வொரு முறையும் 1 மில்லி வீதம் காலையும் இரவும் பூச வேண்டும். முதல் சில வாரங்களில் உதிர்வு கூடலாம். பலர் இங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள், அது பெரும் தவறு, ஏனென்றால் பலன் தெரியவே நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் மருந்து அதன்மேல் படாமல் காக்க வேண்டும், அதற்கு இது நஞ்சு.

பினாஸ்டரைடு மாத்திரை, நாளுக்கு 1 மில்லிகிராம், டி.எச்.டி. உருவாவதையே குறைக்கிறது. இதை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். சிலருக்குப் பாலுணர்வு குறைவதும், விறைப்பில் சிக்கலும், மனச்சோர்வும் ஏற்படுகின்றன. நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றாலும், தொடர்ந்து நீடித்ததாகச் சொல்வோரும் உண்டு. குழந்தைக்கு முயல்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உடைந்த மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் தொடக் கூடாது. புராஸ்டேட் சுரப்பிக்கான இரத்தச் சோதனையில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவையும் இது ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். இரண்டு மருந்துகளுமே பூசும் வரை, விழுங்கும் வரைதான்; விட்டால் சில மாதங்களில் பழைய நிலைக்கே தலை திரும்பிவிடும். இதற்கு ஆண்டுக்கணக்கில் பணமும் பொறுமையும் ஒதுக்க முடியுமா என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

முடிக்கென்று விற்கப்படும் பயோட்டின் ஒரு வைட்டமின்; அதன் குறைபாடு மிக அரிது. அந்தக் குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் பெரிய பயன் இல்லை. தைராய்டு சோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் இரத்தச் சோதனையையும் அந்த மாத்திரை குழப்பிவிடும். கரிசலாங்கண்ணித் தைலம் முடிக்குப் பளபளப்பும் தலைக்குக் குளிர்ச்சியும் தரும், அந்த அளவில் தேய்த்துக்கொள்ளலாம்.

முடிமாற்று அறுவையைப் பற்றி மிகுந்த கவலையுடன் எழுதுகிறேன். அது புதிய முடியை உண்டாக்குவதில்லை. பிடரியில் இருப்பதை எடுத்து முன்னே நடுகிறது. அந்த இருப்புக்கு ஓர் அளவு உண்டு, எடுத்த இடத்தில் மீண்டும் முளைக்காது. இருபது வயதைத் தாண்டியவுடனே நெற்றியைக் கீழிறக்கி நட்டுக்கொண்டால், பின்னாலுள்ள சொந்த முடி தொடர்ந்து பின்வாங்கி, நட்டது மட்டும் தீவாக நின்றுவிடும். அதனால் நட்ட பிறகும் மருந்து தேவைப்படும். 2016இல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் பின் ஒரு மருத்துவ மாணவரே உயிரிழந்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல், உரிய பயிற்சி பெற்ற மருத்துவர்களே இதைச் செய்ய வேண்டும் என்று வழிகாட்டியது. யார் துளையிடுவார், மயக்க மருந்தைக் கொடுப்பவர் யார், அவர் முடியும் வரை இருப்பாரா, மூச்சுத் திணறினால் என்ன வசதி இருக்கிறது என்று நேரில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிர்ந்து, பிறகு முளைத்து, முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். ஆகவே அடுத்த மாதத் திருமணத்துக்கு இது உதவாது.

எதுவுமே செய்யாமல் இருப்பதும் முறையான முடிவுதான். நான் கடைசியில் அதையே எடுத்தேன். ஓரத்து முடியை நீளமாக வளர்த்து வழுக்கையின் குறுக்கே வாரினால் காற்றடிக்கும்போதெல்லாம் கை தலைக்கே போகும். சலூனில் ஒன்றாம் நம்பர் மிஷினில் ஒட்ட வெட்டச் சொன்னால் வழுக்கைக்கும் மற்ற இடத்துக்கும் உள்ள வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும். வெயிலில் போகும்போது தொப்பியோ சன்ஸ்கிரீனோ கட்டாயம். வழுக்கையை மறைக்க ஹேர் பேட்ச் என்னும் முடித்துண்டை ஒட்டிக்கொள்பவர்கள், அடிக்கடி அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் ஒட்டும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெண் பார்க்கும் பேச்சு நடக்கிறதென்றால், ஐந்தாண்டுக்கு முந்தைய படத்தைக் கொடுத்தனுப்பாமல், இன்றைய தலையுடன் எடுத்த படத்தையே கொடுக்கும்படி வீட்டில் சொல்லிவிடுங்கள்.